'அமோக்': போர் முழக்கமா, நோயின் பெயரா? அதன் வேர் தமிழா, மலாயா?

கிழக்குவாசல்:

அனைவருக்கும் வணக்கம். பதினாறாம் நூற்றாண்டில் கீழை நாடுகளுக்கு வந்த போர்த்துகீசியர்களின் குறிப்புகளை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கி வருகிறேன். அவற்றில் ஒரு சொல் என்னை மூன்று நாட்களாக நிறுத்தி வைத்திருக்கிறது.

துவார்த்தே பார்போசா 1518 வாக்கில் எழுதி முடித்த நூலில் ஜாவா மக்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. கடும் நோயில் விழும் ஜாவாக்காரர் சிலர், பிழைத்தெழுந்தால் படுக்கையில் கிடந்து சாவதைவிட மேலான ஒரு சாவைத் தேடிக்கொள்வதாகத் தம் தெய்வத்திடம் நேர்ந்துகொள்வார்களாம். நோய் தீர்ந்ததும் கையில் குத்துவாளுடன் தெருவில் இறங்கி, ஆண் என்றும் பெண் என்றும் குழந்தை என்றும் பாராமல், தாம் வீழ்த்தப்படும் வரை எதிர்ப்பட்டவரையெல்லாம் குத்திக்கொண்டே போவார்களாம். அதைக் காண்பவர்கள் 'அமுக்கோ, அமுக்கோ' என்று கூவி மற்றவர்களை எச்சரிப்பார்களாம். ஆங்கிலத்தில் இன்று 'ரன் அமோக்' என்று வழங்கும் தொடரின் பழைய சான்றுகளில் இது ஒன்று.

அகராதிகளைப் பார்த்தால் 'வெறிபிடித்துத் திரி', 'கொலைவெறி கொண்டு ஓடு' என்றுதான் பொருள் தருகிறார்கள். தெய்வத்திடம் நேர்ந்துகொண்டு, நோய் தீரும் வரை காத்திருந்து, பிறகு வாளெடுப்பவனை வெறிபிடித்தவன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. 'வெறியாட்டு' என்று எழுதலாமா என்றும் எண்ணினேன். ஆனால் அது சங்கப் பாடல்களில் வேலன் ஆடும் வழிபாட்டுக் கூத்தைக் குறிக்கும் சொல். அதைக் கொண்டுவந்து இங்கே வைத்தால் இரண்டும் கெடும். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, முதலில் என்ன பொருளில் வழங்கியது என்று தெரிந்தால்தான் நல்ல தமிழ்ச் சொல்லைத் தேட முடியும். தெரிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

தமிழ்வேர்:

வணக்கம் அம்மா. நீங்கள் தேடும் வேர் நம் வீட்டிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. 'அமர்' என்றால் போர். 'அமரகத்து ஆற்றறுக்கும் கல்லாமா அன்னார்' என்று வள்ளுவர் 814ஆம் குறளில் பாடுகிறார். போர்க்களத்தில் தன்மேல் இருப்பவனைத் தள்ளிவிட்டு ஓடும் பழகாத குதிரையைப் பற்றிய குறள் அது. மலையாளத்திலும் அதே 'அமர்' உண்டு. யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, மலையாளத்தில் போர்வீரனைக் குறிக்கும் 'அமர்க்கன்' என்ற சொல்லிலிருந்து இது வந்திருக்கக்கூடும் என்ற கருத்தைப் பதிவு செய்திருக்கிறது. இப்படிச் சொன்னவர்கள் தமிழர்கள் அல்லர், ஆங்கிலேயர்கள் என்பதையும் கவனியுங்கள். எதிரியை அழுத்தி வீழ்த்துவதைக் குறிக்கும் 'அமுக்கு' என்ற வினையும் நம்மிடம் இருக்கிறது. பார்போசா எழுதிய 'அமுக்கோ'வுக்கு இதைவிட நெருங்கிய ஒலியைக் காட்ட முடியுமா? ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் நம் வணிகர்கள் ஆயிரம் ஆண்டுகளாகப் போய் வந்தவர்கள். சரக்கோடு சொல்லும் போயிருக்கும்.

கிள்ளான்நதி:

கிழக்குவாசல் அம்மாவுக்கும் தமிழ்வேர் அவர்களுக்கும் வணக்கம். நான் மலேசியாவின் சிலாங்கூரில் பிறந்து வளர்ந்தவன். முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தமிழ் எனக்குத் தாய்மொழி, மலாய் எனக்குத் தெருமொழி. இந்தச் சொல்லை நான் அகராதியில் படிக்கவில்லை, காதால் கேட்டு வளர்ந்தேன். அதனால் சிலவற்றைச் சொல்ல முடியும்.

மலாயில் இது தனியாக நிற்பதைவிட வினையாகவே மிகுதியாக வழங்குகிறது. 'அமுக்' என்பது வேர். உயிரெழுத்தில் தொடங்கும் வேருக்கு முன்னால் 'மெங்' சேர்ந்தால் வினை, 'பெங்' சேர்ந்தால் அதைச் செய்பவன். 'அஜார்' என்ற வேரிலிருந்து கற்பிப்பதைக் குறிக்கும் 'மெங்ஙாஜார்' பிறப்பதைப் போலவே, 'அமுக்'கிலிருந்து 'மெங்ஙாமுக்' பிறக்கிறது. அப்படிச் செய்பவன் 'பெங்ஙாமுக்'. வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட சொல்லைப் போல் அது அங்கே தெரிவதில்லை. 'அமோக்' என்பது பழைய எழுத்துக்கூட்டல். 1972ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு 'அமுக்' என்றே எழுதுகிறோம். பேச்சில் கடைசி ககரம் தொண்டையிலேயே நின்றுவிடும், முழுதாக ஒலிக்காது. ஆங்கிலேயர் இறுதியில் அழுத்திச் சொல்லும் 'க்' எழுத்தைப் பார்த்து வந்த ஒலி.

சிறுவயதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நாங்கள் ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், குடியிருந்தோம். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு மலாய்க் கம்பம், அதாவது சிற்றூர். ஒருநாள் பொழுது சாயும் நேரத்தில் கம்பத்திலிருந்து ஒரு பையன் 'மெங்ஙாமுக், மெங்ஙாமுக்' என்று கத்திக்கொண்டே பாலத்தைத் தாண்டி ஓடி வந்தான். அம்மா எங்களை உள்ளே இழுத்துப் போட்டுக் கதவைச் சாத்தி, நெல் மூட்டையைக் கதவுக்கு அண்டக் கொடுத்தார். லயம் முழுவதும் கதவுகள் அடைபடும் ஓசை வரிசையாகக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. பலகை இடுக்கில் பார்த்தபோது வந்தது மனிதன் அன்று, ஓர் எருமை. கயிற்றை அறுத்துக்கொண்டு, மூக்கில் இரத்தம் ஒழுக, எதிரில் இருந்த துணிக்கொடியையும் கோழிக்கூண்டையும் சாய்த்துக்கொண்டு ஓடியது. யானைக்கும் எருமைக்கும் அங்கே இதே வினைதான். கடைத்தெருவில் பொம்மை கேட்டுத் தரையில் புரண்டு அழும் குழந்தைக்கும் இதே வினைதான். முன்னால் நிற்பது எது என்று பாராத பாய்ச்சல் என்பதே அடிப்படைப் பொருள் என்று எனக்குத் தோன்றுகிறது.

தமிழ்வேர் அவர்கள் மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் சொல்லை நம்முடையது என்று சொல்லும் முன், அவர் வீட்டில் அது எப்படி வாழ்கிறது என்று ஒருமுறை பார்க்க வேண்டும்.

சுவடியகம்:

கிள்ளான்நதி ஐயா காட்டிய இலக்கணச் சான்றே போதுமானது என்றாலும், ஹாப்சன்-ஜாப்சன் பெயர் வந்துவிட்டதால் அதைப் பற்றிச் சிறிது விரிவாக எழுதுகிறேன். அந்தப் பதிவை முழுமையாகப் படித்தால், தொகுத்தவர்கள் இந்தியத் தோற்றத்தை முடிந்த முடிவாகச் சொல்லவில்லை என்பது தெரியும். 'அமர்க்கன்' என்ற மலையாள வேரையும், 'அவிழ்க்க முடியாதது' என்று பொருள்படும் 'அமோட்சிய' என்ற வடமொழி வேரையும் அவர்கள் ஊகங்களாகவே வைத்தார்கள். மலபார் கரையில் உயிரைப் பணயம் வைத்துப் பாயும் வீரர்களைப் போர்த்துகீசியர் 'அமோக்கோ' என்ற பெயரால் குறித்ததைக் கண்டு, சொல்லும் அங்கேயே பிறந்திருக்குமோ என்று அவர்கள் ஐயப்பட்டது இயல்பு. 1886இல் தென்கிழக்காசிய மொழிகளின் ஒப்பாய்வு இன்றைய நிலையில் இல்லை.

இன்று நிலைமை வேறு. பழைய ஜாவா மொழியிலேயே 'அமுக்' போர்க்களத்தில் சினந்து பாய்வதைக் குறித்து வருகிறது. கடல் கடந்து பிலிப்பைன்சுக்குப் போனால், தகாலோக் மொழியில் 'ஹாமோக்' என்பது சண்டை, போர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, ஒன்றுக்கொன்று தொலைவில் உள்ள மொழிகளில் இப்படி இனச்சொற்கள் கிடைப்பதால், மலாயோ-பாலினேசிய மூலமொழிக்கே 'ஹமுக்' என்ற வேரை மீட்டுருவாக்கி இருக்கிறார்கள். தகாலோக்கில் முதலில் ஹகரம் நிற்பதையும், மலாயில் அது மறைந்ததையும் பாருங்கள். நம் 'அமர்' போய் இவையெல்லாம் ஆகியிருந்தால், ரகரம் போய்க் ககரம் வந்ததற்கும், பிலிப்பைன்சில் மட்டும் முன்னால் ஹகரம் முளைத்ததற்கும் விதி காட்ட வேண்டும். அப்படி ஒரு விதி இல்லை. 'அமுக்கு' என்பதிலும் ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது. அமுக்குவது கீழே அழுத்துவது, அமுக் முன்னே பாய்வது.

வணிகர்கள் வழியாகத் தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள் உண்மையிலேயே பல உண்டு. கப்பலைக் குறிக்கும் 'கப்பல்', கடையைக் குறிக்கும் 'கெடை', பெட்டியைக் குறிக்கும் 'பெட்டி' ஆகியவற்றைப் பாருங்கள். அவற்றைக் காட்டும்போது யாரும் மறுக்கமாட்டார்கள். ஐயத்துக்குரிய ஒன்றையும் அந்த வரிசையில் சேர்த்தால், உறுதியானவற்றின் மீதும் ஐயம் விழும். நம் மொழியின் பெருமைக்காகவே இதைச் சொல்கிறேன்.

நிளாக்கரை:

பாலக்காட்டுத் தமிழன் என்ற முறையில் மலபார் பக்கத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு. உயிரை ஒப்புக்கொடுத்துப் பாயும் வீரனுக்கு மலையாளத்தில் வழங்கும் சொல் 'சாவேர்'. பாடல்களிலும் ஊர்ப்பேச்சிலும் அதுதான் இருக்கிறது. 'அமோக்கோ' போன்ற ஒன்றை எங்கள் பக்கத்துக் கிழவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

பாரதப்புழைக் கரையில் உள்ள திருநாவாயில் முன்னாளில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாமாங்கத் திருவிழா நடக்கும். கோழிக்கோட்டுச் சாமூதிரி உயர்ந்த மேடையில் வீற்றிருப்பார். அந்தத் தலைமையை ஏற்காத வள்ளுவநாட்டு அரசரின் சாவேர்கள், ஆயிரக்கணக்கான காவலர்களின் ஈட்டிகளுக்கு நடுவே வாளும் கேடயமுமாகப் பாய்ந்து அவரைக் கொல்ல முயல்வார்கள். முயன்றவர் எவரும் உயிருடன் திரும்பியதில்லை. 1695ஆம் ஆண்டு மாமாங்கத்தின்போது அந்தக் கடற்கரையில் நங்கூரமிட்டிருந்த அலெக்சாண்டர் ஆமில்டன் என்ற கப்பல் தலைவர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. பாய்ந்து வந்தவர்களில் ஒருவர் விழுந்ததும், அவரோடு ஒட்டியே வந்த பதினைந்து பதினாறு வயது மருமகன் காவலைப் பிளந்து சாமூதிரியின் கூடாரத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டான். அவன் வீசிய வாள், மேலே தொங்கி எரிந்துகொண்டிருந்த பெரிய பித்தளை விளக்கில் பட்டுத் தடுக்கியது. இல்லையென்றால் அரசர் தலை போயிருக்கும். அடுத்த வீச்சுக்கு முன் பையனைக் கொன்றுவிட்டார்கள். அந்தப் பித்தளை விளக்கை நினைத்துக்கொண்டே திருநாவாய் மணலில் நான் பலமுறை நின்றிருக்கிறேன்.

இந்த இளைஞன் மனம் பேதலித்தவன் இல்லை. அவன் யாரைக் கொல்லப் போகிறான் என்பது அவனுக்குத் தெரியும், அவன் ஊருக்கும் தெரியும். பார்போசா சொல்லும் ஜாவாக்காரன் எதிர்ப்பட்டவரையெல்லாம் குத்துகிறான். சாவேருக்கு இலக்கு ஒன்றே ஒன்று. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தவர்கள் வெளியாட்கள். 1566 வாக்கில் இந்தப் பக்கம் வந்த வெனிசு வணிகர் சேசர் பெதரிச்சி, கொச்சி அரசரிடம் 'அமோக்கி' எனப்படும் வீரர்கள் பெருந்தொகையாக இருப்பதாக எழுதினார். அதற்குள் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது, பிடித்தது 1511இல். கிழக்கே கற்ற சொல்லை மேற்கே கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கப்பல்காரர்கள் சொற்களை இப்படித்தான் துறைமுகத்துக்குத் துறைமுகம் மாற்றிப் போடுவார்கள்.

பூவரசு:

படித்துக்கொண்டே வருகிறேன். ஒரு சிறு ஐயம். நாம் 'அமோக வெற்றி', 'அமோக விளைச்சல்' என்று சொல்கிறோமே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? கட்டுக்கடங்காமல் பெருகுவது என்ற பொருளில் வந்திருக்குமோ?

சுவடியகம்:

தொடர்பு இல்லை. 'அமோக' என்பது வடமொழிச் சொல். 'மோக' என்றால் வீணானது, பயனற்றது. 'அ' சேர்ந்தால் வீண்போகாதது. குறிதவறாத அம்பை 'அமோக பாணம்' என்பார்கள். தப்பாத வெற்றி, பொய்க்காத விளைச்சல் என்ற பொருளில் தொடங்கி, தமிழில் மிகுதி என்ற பொருளுக்கு வந்துவிட்டது. நல்ல கேள்வி, தமிழ் எழுத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிவதால் பலருக்கும் எழக்கூடியது.

இனி, இந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்த விதத்தைச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. 1672இல் ஆண்ட்ரூ மார்வெல் என்ற ஆங்கிலக் கவிஞர் தன் எதிராளி ஒருவரைச் சாடும்போது, வெறிகொண்ட இந்தியனைப் போல அவர் எதிர்ப்பட்டவரையெல்லாம் குத்திக்கொண்டு ஓடுகிறார் என்று எழுதினார். அங்கே சொல்லை 'அ' தனியாகவும் 'மக்' தனியாகவும் பிரித்து எழுதி, அந்த நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். ஐரோப்பியருக்கு அன்று மலாய்த் தீவுகளும் இந்தியாதான்.

இந்தப் பிரிப்பின் விளைவைப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'ஒரு' என்பதற்கு 'அ' என்றொரு சொல் இருப்பதால், மலாய் வேரின் முதல் எழுத்தே அந்தச் சொல்லாகத் தோன்றிவிட்டது. ஆகவே 'மக்' என்பது ஏதோ ஒரு வகை ஓட்டத்தின் பெயர் என்று வாசகர்கள் எண்ணினார்கள். 1687இல் டிரைடன் என்ற கவிஞர் இரண்டுக்கும் நடுவே ஓர் அடைமொழியையே நுழைத்து 'அன் இந்தியன் மக்' என்று பாடினார். சொல்லின் முதல் எழுத்தை வெட்டியெடுத்து, எஞ்சியதை முழுப் பெயராக்கி, அதற்கு அடைமொழியும் சூட்டியாகிவிட்டது. 1733இல் போப் என்ற கவிஞர், வசை தன் ஆயுதம் என்றாலும் எதிர்ப்பட்டவரையெல்லாம் தாக்கும் அளவுக்குத் தான் விவேகம் இல்லாதவன் இல்லை என்று பாடும்போதும் பிரித்தே எழுதினார். ஆங்கிலத்தில் 'மக்' என்றால் சாணம், சகதி என்ற பொருளும் ஏற்கெனவே இருந்ததால் குழப்பம் கூடியது.

அந்த மொழிக்கு இது புதிதும் அன்று. மேலே கட்டும் துணியைக் குறித்த 'நேப்ரன்' முன்சொல்லான 'அ'விடம் 'ந' எழுத்தை இழந்து 'ஏப்ரன்' ஆயிற்று. விரியனைக் குறித்த 'நாடர்' அதே வழியில் 'ஆடர்' ஆயிற்று. இவற்றில் சொல்லின் தலை போய் முன்சொல்லில் ஒட்டியது. அமோக்கில் சொல்லின் தலையே முன்சொல் என்று எண்ணப்பட்டது.

பொருளிலும் இதே கவனக்குறைவு நடந்திருக்கிறது. மார்வெலும் டிரைடனும் போப்பும் ஒருவர்கூட ஜாவாவையோ மலாக்காவையோ கண்டவர்கள் இல்லை. தங்கள் நகரத்து எழுத்துச் சண்டையை வருணிக்க ஒரு தூரதேசத்துப் படிமம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நேர்த்திக்கடன், மானம், சாவைத் தேடிப் போகும் உறுதி எல்லாம் கப்பலிலேயே இறங்கிவிட, கண்மூடித்தனமான தாக்குதல் மட்டும் இலண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று ஆங்கில நாளிதழில் தோட்டத்துப் புல்லும், அரசின் செலவும், பள்ளிப் பிள்ளைகளும் 'அமோக்' ஓடுகின்றன.

மருந்துச்சீட்டு:

மனநல மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். மொழி ஆராய்ச்சி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தச் சொல் எங்கள் துறைக்குள் வந்த கதையைச் சொல்ல முடியும். அதில் எனக்கு ஆற்றாமையும் உண்டு.

பழைய ஐரோப்பியப் பயணிகள் இதற்கு அபினைக் காரணம் காட்டினார்கள். 1770இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) தங்கிய கேப்டன் குக்கின் பயணக் குறிப்பும் அதைத்தான் சொல்கிறது. 1869இல் வெளிவந்த நூலில் ஆல்பிரட் இரசல் வாலேசு, செலிபிசுத் தீவின் மக்காசர் நகரத்தில் மாதத்துக்கு ஒன்றிரண்டு நிகழ்வதாகத் தமக்குச் சொல்லப்பட்டதை எழுதினார். அங்குள்ளவர்களுக்கு அது மானமுள்ள தற்கொலை முறை என்று அவர் புரிந்துகொண்டார். அதுவரைக்கும் அதைப் பழக்கமாகவும் மானப் பிரச்சினையாகவும் பார்த்தார்கள். பிறகுதான் அது நோயாகிறது. சிங்கப்பூர் மனநோயர் இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்த கில்மோர் எல்லிசு 1893இல் மலாய்க்காரரின் அமோக்கைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1901இல் கிம்லெட் என்ற மருத்துவர் ஒரு நிகழ்வை விவரித்தார். திடீரென்று மூண்டெழும் கொலைத் தாக்குதல், அதற்கு முன் நாட்கணக்கில் மனம் சோர்ந்து ஒடுங்கியிருத்தல், பின்னர் நடந்தது நினைவில்லாமல் போதல் ஆகியவற்றை இத்தகைய எழுத்துகள் அடையாளங்களாக வகுத்தன.

1994இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பு, பண்பாட்டோடு பிணைந்த நோய்த்தொகுப்புகளின் பட்டியலில் அமோக்கைச் சேர்த்தது. 2013இல் ஐந்தாம் பதிப்பில் இருந்த அப்படிப்பட்ட பட்டியலில் அது இடம்பெறவில்லை. இடைப்பட்ட காலத்தில் பலரும் கேட்ட கேள்வி நியாயமானது: பள்ளியிலும் அங்காடியிலும் துப்பாக்கியுடன் நுழைந்து, அறிமுகமே இல்லாதவர்களைச் சுட்டு, முடிவில் தானும் சாகும் மனிதன் மேலை நாடுகளில் தோன்றும்போது அதை ஏன் அந்தப் பண்பாட்டின் நோய் என்று எழுதுவதில்லை?

படுக்கையில் அமர்ந்து நாட்கணக்கில் யாரோடும் பேசாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் பிறருக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை என்பதை என் பணி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். அதனால்தான் 'கொலைவெறி பிடித்த பைத்தியக்காரன்' என்பது போன்ற தொடர் உங்கள் மொழிபெயர்ப்பில் வந்துவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

கிள்ளான்நதி:

மருந்துச்சீட்டு அவர்களின் வார்த்தை மனத்தைத் தொட்டது. மலாயில் 'கெலாப் மாத்தா' என்றொரு தொடர் உண்டு. 'மாத்தா' என்றால் கண், 'கெலாப்' என்றால் இருள். சினத்தில் கண் இருண்டு போவது. நாம் 'கண் மண் தெரியாமல்' என்று சொல்வதும் அதையேதான். அந்த இருட்டுக்கு முன்னால் 'சாக்கித் ஹாத்தி' என்று ஒன்று வரும். நெஞ்சில் நோவு, அதாவது மனம் புண்பட்டுப் போவது. கம்பத்து மனிதர்கள் இந்த வரிசையை வைத்துத்தான் பேசுவார்கள். முதலில் நெஞ்சு நோகும், பிறகு கண் இருளும், பிறகு அமுக்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. 1846 சூலையில் பினாங்கில் ஒருவர், மதிப்புள்ள வீடு கட்டும் தொழிலாளி, மனைவியையும் ஒரே பிள்ளையையும் இழந்த துயரத்தில் இருந்தவர், தெருவில் இறங்கிப் பலரைக் குத்தினார். இறந்தவர்களில் 'கிளிங்' என்று பதிவான மூன்று வயதுச் சிறுமியும் ஒருத்தி. தென்னிந்தியர்களை அன்று அப்படித்தான் எழுதினார்கள். கலிங்கம் என்பதிலிருந்து வந்த பெயர், இன்று எங்கள் நாட்டில் வசைச் சொல். நீதிபதி வில்லியம் நோரிசு, தூக்கிலிட்டு உடலைக் கூறுபோட மருத்துவர்களிடம் கொடுக்கத் தீர்ப்பளித்தார். ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தச் சிறுமி பெரும்பாலும் நம் பிள்ளையாகத்தான் இருந்திருப்பாள். மானம் என்றும் நேர்த்திக்கடன் என்றும் நாம் பேசும்போது, கதவைச் சாத்த நேரம் கிடைக்காத அந்தக் குழந்தையும் நினைவில் இருக்க வேண்டும்.

மலாய்க்காரர்களிடமே இந்த இரட்டை மனநிலை உண்டு. அரசனை எதிர்த்து மலாக்கா அரண்மனையைக் கைப்பற்றிய ஆங் ஜெபாட், நண்பன் ஆங் துவாவின் கிரிசு என்ற குத்துவாளால் குத்துண்ட பின் காயத்தைக் கட்டிக்கொண்டு மூன்று நாட்கள் தெருக்களில் அமுக் செய்ததாகக் கதை. அவன் நீதி கேட்ட வீரனா, ஊரை அழித்தவனா என்று இன்றைக்கும் பள்ளி மாணவர்கள் வாதிடுகிறார்கள். என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் வாதிட்டார்கள். ஒருமுறைகூட ஒரு பக்கமாகத் தீர்ந்ததில்லை.

தமிழ்வேர்:

ஹகரத்துக்கும் ரகரத்துக்கும் என்னிடம் விடை இல்லை. 'அமர்' என்ற வேரை நான் விட்டுவிடுகிறேன். சுவடியகம் அவர்கள் சொன்ன கப்பலும் கடையும் போதும்.

வேர் நம்முடையது இல்லை என்றாலும், பொருளுக்கு ஏற்ற சொல் நம்மிடம் இருக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன். சாவைத் தேடிப் பாயும் வீரரை வள்ளுவர் 'சுழலும் இசைவேண்டி வேண்டா உயிரார்' என்கிறார், 777ஆம் குறள். 'வேண்டா உயிரார்' என்ற இரண்டே சொற்களில் உயிரை வேண்டாதவர் என்ற பொருள் முழுதாக நிற்கிறது. பேச்சில் 'உயிரை வெறுத்து' என்கிறோம். இதில் நோயும் இல்லை, வெறியும் இல்லை, புகழ்ச்சியும் இல்லை. சோழர் படையில் வேளைக்காரர் என்ற பெயரில் அரசனுக்காக உயிர் தரச் சூளுரைத்த படையினர் இருந்தார்கள். ஆனால் அந்தப் பெயரை இங்கே வைத்தால் நிளாக்கரை அவர்கள் சொன்ன போர்த்துகீசியரின் பிழையை நாமே செய்தவர்கள் ஆவோம். அதனால் அதைப் பரிந்துரைக்கவில்லை.

கிழக்குவாசல்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு சொல்லுக்காக வந்தேன். ஒரே தமிழ்ச் சொல்லால் இது தீராது என்று தெரிந்துகொண்டேன். சொல்லின் மலாய் முகம் தெரிய வேண்டும் என்பதால் 'அமுக்' என்பதை அப்படியே வைக்கிறேன். போர்த்துகீசியர் காதில் விழுந்த 'அமுக்கோ' என்ற கூவலையும் மாற்றவில்லை. செயலை வருணிக்கத் தமிழ்வேர் அவர்கள் தந்த 'உயிரை வெறுத்து' என்ற தொடரை எடுத்துக்கொண்டேன். 'வெறி', 'பைத்தியம்' என்ற இரண்டையும் இந்த அதிகாரம் முழுவதிலிருந்தும் நீக்கிவிட்டேன். கொச்சியைப் பற்றிய பகுதியில் பயணி எழுதிய 'அமோக்கி'யை விட்டுவைத்து, உள்ளூரில் இவர்களுக்குச் சாவேர் என்று பெயர் என அடிக்குறிப்பு எழுதியிருக்கிறேன். இன்றைய ஆங்கில வழக்கில் செலவும் புல்லும் 'அமோக்' ஓடும் இடங்களில் 'தறிகெட்டு' என்பது போதும்.

பார்போசாவின் பகுதி இப்போது இப்படி நிற்கிறது:

'அவர்களுள் ஒருவன் கொடிய நோயில் விழுந்தால், பிழைத்தெழும் நாளில் இதைவிட மேலான சாவைத் தேடிக்கொள்வேன் என்று தெய்வத்தின் முன் சொல் கொடுக்கிறான். எழுந்ததும் குத்துவாளை எடுத்துக்கொண்டு, உயிரை வெறுத்துத் தெருவில் இறங்குகிறான். ஆண், பெண், குழந்தை எவர் எதிர்ப்பட்டாலும் அவன் கை நிற்பதில்லை. கண்டவர்கள் "அமுக்கோ, அமுக்கோ" என்று கூவுகிறார்கள். கேட்டவர்கள் கதவை அடைக்கிறார்கள்.'

கடைசி வரியில் கதவு மூலத்தில் இல்லை. மக்கள் எச்சரிக்கையாக இருக்கும்படி கூவுகிறார்கள் என்றுதான் இருக்கிறது. கிள்ளான்நதி ஐயாவின் லயத்துக் கதவுகள் என் காதிலும் ஒலித்ததால் எழுதிவிட்டேன். அச்சுக்குப் போகும் முன் அதை எடுத்துவிட்டு, 'கேட்டவர்கள் விலகிக்கொள்கிறார்கள்' என்று திருத்துகிறேன்.